எங்கள் தீவின் தற்காப்புக் கலைகளும் எங்கள் பிள்ளைகளும்

(நூற்றாண்டுக் கொண்டாட்டத்தையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு பற்றியோ மார்பகப் புற்றுநோய் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவை இரண்டுக்கும் விழாக் குழு வேறு நாட்களை ஒதுக்கியிருக்கிறது. 1998இல் உயர்தரம் எழுதிய எங்கள் வகுப்பு வேறொன்றை எடுத்துக்கொண்டது. நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு என்ன தரப்போகிறீர்கள் என்று சங்கம் ஒவ்வொரு வகுப்பையும் கேட்டபோது, சனிக்கிழமைகளில் ஒரு சிலம்ப வகுப்பைத் தொடங்கி, ஐந்து வருடத்துக்கு அதன் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம்.

குழுவில் அது உடனே ஏற்கப்படவில்லை. "தண்ணீர்த் தாங்கி கட்டித் தந்தால் உங்கட பெயரையும் போடலாம், பிள்ளைகளும் குடிப்பார்கள்" என்றார் ஓர் அக்கா. அதிலும் நியாயம் இருக்கிறது. இன்னோர் அக்கா கேட்ட கேள்விக்குத்தான் எங்களால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. "எங்கட பொம்புளப் புள்ளைகள்ர கையில திரும்பவும் ஒரு தடியக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று இந்த மண்டபத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. இன்றைய பேச்சு அந்த அக்காவுக்கான பதில். கொஞ்சம் சுற்றி வருவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீவின் போர்க்கலை என்றால் இன்று முதலில் சொல்லப்படுவது அங்கம்பொர. சிங்களத்தில் 'அங்க' என்றால் உடலுறுப்பு, 'பொர' என்றால் சண்டை. வெறுங்கையால் அடிப்பதும் பிடித்து மடக்குவதும் அங்கம். வாள், கம்பு, கேடயம் ஆகியவற்றோடு செய்வது இலங்கம். மந்திரம் சேர்ந்தது மாயா அங்கம். அவர்களுடைய ஆயுதங்களில் 'வேலாயுதய' என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டதும் எங்களுக்கு முருகனின் வேல்தான் நினைவுக்கு வரும். அது வேல் இல்லை. நீண்டு வளையும் இருபுறக் கூர்த் தகடுகள் நான்கை ஒரு பிடியில் சேர்த்த, சவுக்குப் போன்ற வாள். பழகாதவர் சுழற்றினால் முதல் வெட்டு அவருக்கே விழும்.

கண்டிக்குப் பக்கத்திலுள்ள எம்பெக்க தேவாலயத்துக்குப் பாடசாலைச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். அதன் மரத்தூண்களில் இரட்டைத்தலைக் கழுகும் பின்னிக் கிடக்கும் அன்னங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. எல்லோரும் அவற்றைத்தான் படம் பிடிக்கிறார்கள். அதே தூண்களில் மல்லர் இருவர் ஒருவரையொருவர் பிடித்து நிற்கும் செதுக்கலும் இருக்கிறது. அடுத்த முறை போனால் தேடிப் பாருங்கள்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டு வருடத்தில் ஊவாவிலும் வெல்லசவிலும் கிளர்ச்சி வெடித்தது. ஆளுநர் பிரவுன்றிக் அதை 1818இல் கொடூரமாக அடக்கினார். வயலும் குளமும் கால்நடையும்கூடத் தப்பவில்லை. அங்கம்பொர தடைசெய்யப்பட்டது அந்த ஆண்டில்தான் என்றும், பயிற்சி நடந்த அங்கம் மடுவங்களை எரித்தார்கள், ஆசான்மாரின் முழங்காலில் சுட்டார்கள் என்றும் அந்தக் கலையின் பரம்பரைகள் சொல்லிவருகின்றன. இதில் ஆவணம் எவ்வளவு, வாய்மொழி எவ்வளவு என்று பிரிப்பது வரலாற்று ஆசிரியைகளின் வேலை. எங்கள் கண் போனது முழங்காலில்.

இந்தக் கலைகள் எல்லாவற்றிலும் உடல் நிற்பது மடிந்த முழங்காலில்தான். அங்கம்பொர, சிலம்பம், கூத்து, நீங்கள் ஆடும் பரதத்தின் அரைமண்டி எல்லாவற்றுக்கும் அது பொது. 1818இல் முழங்காலில் ஒரு குண்டு பாய்ந்தால் என்ன நடக்கும்? ஈதர் மயக்க மருந்து பயன்பாட்டுக்கு வந்தது 1846இல். கிருமிநீக்கிச் சத்திரசிகிச்சை பற்றி லிஸ்டர் எழுதியது 1867இல். ஆகவே, மயக்காமல் காலை வெட்டி எடுப்பார்கள், அல்லது சீழ் பிடித்து ஆள் போவார். பிழைத்தால் இனிக் குந்த முடியாது, ஒருவருக்குக் காலடி காட்டிக் கொடுக்கவும் முடியாது. ஒரு கலையை அழிக்க நினைப்பவன் கையை விட்டுவிட்டு முழங்காலைச் சுட்டான் என்றால், அவனுக்கு அந்தக் கலை நன்றாகவே விளங்கியிருக்கிறது. கதையாக இருந்தாலும் கதை கட்டியவருக்கு உடலைத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் தலை வெட்டப்பட்டார். அவருடைய மண்டையோட்டை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு வைத்தியர், இராணுவ சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றி மார்ஷல். மண்டையோட்டின் மேடு பள்ளத்தைத் தடவி ஒருவரின் குணத்தைச் சொல்லலாம் என்று நம்பிய ஒரு சங்கம் அப்போது எடின்பரோவில் இருந்தது, அதற்குக் கொடுத்தார். 1954இல்தான் அந்த எலும்பு கண்டிக்குத் திரும்பி வந்து மண்ணுக்குள் போனது. அங்கம்பொரவின் மந்திரத்தைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றினால், எங்கள் தொழிலின் முன்னோர் ஒருவர் எதை விஞ்ஞானம் என்று நம்பினார் என்பதையும் கூடவே நினைத்துக்கொள்வது நல்லது.

வைத்தியர்களான எங்களை இந்தக் கலைகளின்பால் இழுத்தது சண்டையைவிட இன்னொரு விடயம். அடிக்கும் அறிவும் ஆற்றும் அறிவும் ஒரே ஆசானிடம் இருந்தன. சிங்கள மரபில் உடலின் நுட்பமான இடங்களை 'நில' என்பார்கள். யானைப் பாகர்கள்கூட இந்த நில அறிவை வைத்துத்தான் அங்குசத்தின் நுனியால் தொட்டு யானையை நடக்கவும் நிற்கவும் இருக்கவும் வைக்கிறார்கள். எங்கள் சித்த மரபில் இதற்கு வர்மம் என்று பெயர். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று கணக்குச் சொல்வார்கள். சுசுருதர் கணக்கில் மர்மம் 107. வர்மத்தில் அடிபட்டவரை மீட்க அடங்கல், இளக்குமுறை என்று தனியாகப் பாடம் உண்டு. அதைப் படிக்காதவன் முழு ஆசான் ஆகமாட்டான்.

இதையெல்லாம் உடற்கூற்றுப் பாடத்தோடு வைத்துப் பார்த்தால் சில இடங்கள் அப்படியே பொருந்துகின்றன. முழங்கையின் உட்பக்கம் கதவில் இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் அடித்ததுபோல விறைக்கும். அங்கே ஒரு நரம்பு எலும்போடு ஒட்டித் தோலுக்குக் கீழேயே ஓடுகிறது. முழங்காலின் வெளிப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மொளி தட்டுப்படும். அதைச் சுற்றிப் போகும் நரம்பில் பலமாக அடிபட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாது. செருப்பு நிலத்தில் இழுபடும். நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது, அதன் உள்ளே ஒரு நாடி ஓடுகிறது. அங்கே அடிபட்டவர் எழும்பி, கதைத்து, தேத்தண்ணி குடித்து, சில மணி நேரத்தில் மயங்கி விழலாம். தலையில் அடிபட்டவரை "இப்ப நல்லா இருக்கிறார்தானே" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதன் காரணம் இது.

பொருந்தாதவையும் உண்டு. இன்ன புள்ளியில் தொட்டால் ஆறு மாதம் கழித்துச் சாவான் என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு கலையை மதிக்கிறோம் என்பதற்காக அதன் கதைகள் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

ஆற்றும் பக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சிங்கள ஊர்களில் 'கெடும் பிந்தும்' வைத்தியம், எங்கள் பக்கத்தில் முறிவு நெரிவு வைத்தியம். பரியாரியிடம் எண்ணெயும் கட்டும் போட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் எங்களிடம் வருகிறார்கள். எங்களோடு வேலை செய்பவர்களில் சிலருக்கு அதில் கோபம். எங்களுக்கு அவ்வளவு கோபம் இல்லை. தொட்டுப் பார்க்கும் கை அவர்களுடையது, எங்களுக்கு அந்தப் பழக்கம் குறைந்துகொண்டு போகிறது. ஆனால் ஒன்றை மட்டும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம், வீட்டிலும் சொல்லுங்கள். கட்டுப் போட்ட பிறகு விரல் நீலமாக மாறினால், விறைத்தால், விரலை நீட்டும்போது தாங்கமுடியாத வலி எடுத்தால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். கட்டை உடனே அவிழ்த்துவிட்டு வைத்தியசாலைக்கு வாருங்கள். அங்கே சில மணித்தியாலத் தாமதம் ஒரு கையை இல்லாமல் செய்யும்.

அங்கம்பொரவைப் பற்றிப் பேசினால் "அது அவையின்ர கலை, எங்களுக்கு என்ன" என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் பக்கத்திலும் இருந்தது, இருக்கிறது. அதைக் கலை என்று கூப்பிடும் பழக்கம்தான் எங்களிடம் இருக்கவில்லை. கோயில் திருவிழாவில் சுவாமிக்கு முன்னால் சிலம்பம் அடித்துக்கொண்டு போனவர்களை எங்கள் அம்மாமார் பார்த்திருக்கிறார்கள். முஸ்லிம் ஊர்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் சீனடியும் சிலம்படியும் நடக்கும். சீனடி என்ற பெயர் சீனாவிலிருந்து வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். மலையகத்தில் தோட்டத்துத் திருவிழாக்களில் சிலம்பமும் தீப்பந்தமும் சுற்றப்படுகின்றன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் தங்களோடு கொண்டுவந்தவை அவை. வடமோடிக் கூத்தில் போருக்கு வரும் அரசனின் துள்ளலையும் வாள்வீச்சையும் பாருங்கள். மட்டக்களப்பில் கூத்துப் பழகிய ஒருவருக்குச் சிலம்பத்தின் காலடி அந்நியமாகத் தெரியாது.

இந்த வகுப்பு யோசனை பிறந்ததே ஒரு சிலம்ப வாத்தியாரால். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறோம், ஊரும் பெயரும் வேண்டாம் என்றார். எழுபத்து நான்கு வயது, பக்கத்து முஸ்லிம் ஊர். சைக்கிளில் வந்தவரை ஒரு முச்சக்கர வண்டி தட்டிவிட்டது. விபத்துப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வயதில் அப்படி விழுந்தால் இடுப்பு எலும்போ மணிக்கட்டோ போயிருக்கும் என்று எண்ணிக் கதிர்ப்படம் எடுத்தோம். தோளிலும் முதுகிலும் உரசல் தவிர ஒன்றுமில்லை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டோம். "விழுறதுக்கும் ஒரு மொற இருக்கு மகள்" என்று சொல்லி, கட்டிலில் இருந்தபடியே தோளை உள்ளே மடித்து, நாடியை நெஞ்சோடு சேர்த்துக் காட்டினார். கையை நீட்டி ஊன்றாமல் உருண்டிருக்கிறார். இருபது வயதில் பழகிய முறையை உடம்பு வைத்திருந்து எழுபத்து நாலில் எடுத்துக் கொடுத்தது.

பிறகு சிகிச்சைக்கு வந்த நாட்களில் மிச்சக் கதையைச் சொன்னார். எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவரிடம் போய்ப் பழகினார்களாம். எங்கள் கோயில் திருவிழாவுக்கு அவருடைய ஆட்கள் கம்பு கொண்டுவந்திருக்கிறார்கள். 1990க்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை, எங்கள் பையன்களும் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த ஆண்டில் இரண்டு பக்கத்திலும் என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சிறியவர்கள் வீட்டில் கேளுங்கள், சொல்வார்கள். பையன்கள் விட்டுப்போன கம்புகளைப் பிரம்பு காய்ந்துவிடாமல் எண்ணெய் பூசி வீட்டு முகட்டில் செருகி வைத்திருக்கிறார். "ஆர்ர கம்பு எது எண்டு இன்னும் தெரியும்" என்றார். அந்தப் பையன்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஆண் வாரிசு அவருக்கு இல்லை. பேத்திக்கு வளவுக்குள் வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளை கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி படித்து இன்று ஆசிரியை. எங்கள் வகுப்பை நடத்தச் சம்மதித்திருப்பவர் அவர்தான். வாத்தியார் வந்து நாற்காலி போட்டு இருப்பார். பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியை வேண்டும் என்ற நிபந்தனையைக் குழு வைக்க முதலே அது அமைந்துவிட்டது.

இனி நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். முன்கையில் இரண்டு எலும்புகள், ஆரை, அரந்தி. பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். கையை ஊன்றி விழுந்தால் அநேகமாக உடைவது ஆரை, மணிக்கட்டுக்குப் பக்கத்தில். அரந்தி மட்டும் நடுவில் உடைந்திருந்தால் நாங்கள் இரண்டாம் முறை யோசிப்போம். தலைக்கு வரும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் வெளிப்பக்கமாக நிற்பது அரந்திதான். அந்த உடைவோடு பெண்கள் வருகிறார்கள். கிணற்றடியில் வழுக்கியது என்பார்கள். படியில் விழுந்தேன் என்பார்கள். கூட வந்தவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவரைத் துண்டெழுதிக் கொடுத்து மருந்துச் சாலைக்கு அனுப்பிவிட்டுத்தான் நாங்கள் பேசத் தொடங்குவோம். வந்தவர்களில் படித்தவர்கள் இருக்கிறார்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பாடசாலையில் எங்களுக்கு அடுத்த வாங்கில் இருந்தவர்களும் வந்திருக்கிறார்கள்.

2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடளாவிய ஆய்வொன்றைச் செய்தது. கணவனிடமோ துணைவனிடமோ உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் அனுபவித்தவர்கள் ஐந்தில் ஒரு பெண் என்று அது சொன்னது. இந்த மண்டபத்தில் உங்கள் வரிசையை எண்ணிப் பாருங்கள். வெளியே சொல்லாதவர்கள் அந்தக் கணக்கில் முழுமையாக வந்திருக்கமாட்டார்கள்.

சிலம்பம் படித்தால் கணவன் அடிக்கமாட்டான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய், ஆபத்தும்கூட. அடிப்பவனின் குற்றத்தை அடிவாங்கியவளின் பயிற்சிக் குறைவாக்கிவிடும். வீட்டுக்குள் நடப்பதற்கு மருந்து வேறு. 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற இலக்கம் பெண்களுக்கான உதவி அழைப்பு. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'மிதுரு பியச', தமிழில் நட்பு நிலையம், என்று ஓர் அறை இருக்கிறது. அங்கே போகப் பொலிஸ் முறைப்பாடு தேவையில்லை. இன்னொன்று, கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால், வெளியே அடையாளம் ஒன்றும் தெரியாவிட்டாலும், அன்றே வந்து காட்டுங்கள். குரல் மாறுவதும் விழுங்கக் கஷ்டப்படுவதும் சின்ன விடயங்களில்லை.

அப்படியானால் கம்பு எதற்கு? கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. முதலாம் வருட மாணவிகளுக்கு மொத்தம் பன்னிரண்டு மணித்தியாலப் பயிற்சி. அடுத்த ஒரு வருடத்தில், பயிற்சி பெற்ற குழுவில் பாலியல் வல்லுறவுக்கு உள்ளானவர்கள் மற்றக் குழுவில் உள்ளானவர்களின் ஏறத்தாழப் பாதி. அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் கை கால் வீசிப் பழகியது ஒரு பகுதிதான். மிச்சம், தெரிந்தவர்களிடமிருந்து வரும் ஆபத்தை நேரத்தோடு அடையாளம் காண்பதும், 'வேண்டாம்' என்பதைச் சத்தமாகச் சொல்ல வெட்கப்படாமல் இருப்பதும். எங்கள் சிலம்ப வகுப்பிலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கம்பைச் சுவரில் சாத்திவிட்டு அதைத்தான் பேசப்போகிறோம்.

மற்றக் காரணங்கள் எளியவை. எலும்பு தன் பலத்தின் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான். அதற்குப் பிறகு அந்தச் சேமிப்பில் எடுத்துச் செலவழிக்கிறோம். பெரியபிள்ளையானதும் வலைப்பந்தை விட்டுவிட்டு ரியூசனில் குந்தியிருக்கும் பிள்ளை, அறுபது வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து எங்களிடம் வருகிறாள். சிலம்பத்தில் பாதம் மாற்றி மாற்றி வைத்தல், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குக் கொண்டுபோதல், இடுப்பைத் திருப்புதல், இரண்டு கையையும் ஒரே அளவில் பாவித்தல் எல்லாம் இருக்கிறது. பெரிய மைதானம் வேண்டாம். விலை கூடிய சப்பாத்து வேண்டாம். வெறுங்கால் போதும். கராத்தே நல்லதில்லையா என்று கேட்டார்கள். நல்லதுதான், வசதியுள்ளவர்கள் அனுப்புங்கள். ஆனால் கராத்தேக்கு உடுப்பும் பட்டிப் பரீட்சைக் காசும் வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேரின் வீட்டில் அதற்கு வழியில்லை.

அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறோம்.

எங்கள் வகுப்பில் சில வாங்குகள் வருடத்தின் நடுவில் காலியாகின. ஆசிரியை இடாப்பில் பெயரைக் கூப்பிட்டு, பதில் இல்லாமல் அடுத்த பெயருக்குப் போன காலைகளை நாங்கள் மறக்கவில்லை. போனவர்கள் விரும்பிப் போனார்களா, கொண்டுபோகப்பட்டார்களா என்று நாங்கள் இன்னும் எங்களுக்குள் தர்க்கப்படுகிறோம். பிள்ளையை ஒளித்து வைத்த தாயின் கண்ணுக்கு மகளின் கையில் ஒரு தடி எப்படித் தெரியும் என்று எங்களுக்கு விளங்கும். ஆகவே அக்கா கேட்டது தவறு என்று சொல்லமாட்டோம்.

நாங்கள் அவருக்குச் சொல்வது இவ்வளவுதான். அந்த நாட்களில் கொடுக்கப்பட்டது ஒரு கட்டளையும் அதை நிறைவேற்ற ஓர் ஆயுதமும். பிள்ளையின் உடம்பு யாரோ ஒருவரின் தேவைக்கு எடுக்கப்பட்டது. இந்த வகுப்பில் பிள்ளை தன் உடம்பைத் தனக்காகப் பழகுகிறாள். பிடிக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை வராமல் விடலாம், எவரும் வீட்டுக்கு வந்து கேட்கமாட்டார்கள். வகுப்புக்குச் சீருடை இல்லை, அணிவகுப்பு இல்லை, முழக்கம் இல்லை. விழாக்களில் பிரமுகர்களை வரவேற்க இந்தப் பிள்ளைகளைக் கம்போடு வரிசையில் நிறுத்தக்கூடாது என்று அதிபரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம், அவரும் ஒத்துக்கொண்டார். கற்றுத் தருபவர் எவருடைய பேத்தி என்பதையும் அக்கா யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த ஊரிலிருந்து ஒருவர் கம்போடு இந்த வாசலுக்குள் வருவதை இரண்டு ஊரும் முப்பது வருடத்துக்கு மேலாக நினைத்தும் பார்த்திருக்காது. முதலில் தயங்கியவரும் அவர்தான். "அங்க ஒரு பிரச்சின வராதா மகள்" என்று மூன்று முறை கேட்டார்.

குழு ஒரு வருடத்துக்குப் பரீட்சார்த்தமாக அனுமதி தந்திருக்கிறது. கேள்வி கேட்ட அக்கா எதிர்த்து வாக்களித்தார். பிறகு தன் பேத்தியின் பெயரைப் பதிவுசெய்யப் படிவம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.

கடைசியாக, பெற்றோர் கேட்ட சில விடயங்கள். வகுப்பு சனி காலை ஏழு மணி முதல் எட்டரை வரை, வலைப்பந்துத் திடலில். ஆறாம் வகுப்பிலிருந்து சேரலாம். தாய் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். எவரும் வந்து வாங்கில் இருந்து பார்க்கலாம். எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியரோ தாதியோ ஒருவர் முறை வைத்து ஒவ்வொரு வாரமும் இருப்பார், முதலுதவிப் பெட்டி எங்கள் பொறுப்பு. தொய்வு உள்ள பிள்ளைகள் பம்பைக் கொண்டுவர வேண்டும். மாதவிடாய் நாட்களில் வரலாமா என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். வரலாம், முடியாவிட்டால் இருந்து பார்க்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கம்பு ஒவ்வொரு பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு அளந்து வெட்டப்படும். இப்போதே வாங்க வேண்டாம். முதல் மூன்று மாதம் காலடியும் விழும் முறையும் மட்டும்தான் என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.